மிதிவண்டி கற்றுத்தந்த ஆற்றுப் பாடம்

"சார், ராத்திரி மழை விட்டுடுச்சு. அதுக்கப்புறம்தான் தண்ணி ஏறுச்சு. மழையே இல்லாம அவ்ளோ தண்ணி எங்கேயிருந்து சார் வந்துச்சு?"

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பள்ளி திறந்த முதல் வாரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவன் வீடு சீனிவாசபுரத்தில். சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் வழியாகத் தெற்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் குடியிருப்பு அது. பாடநூல்கள், நோட்டுகள், சீருடை எல்லாம் தண்ணீரில் போய்விட்டன. யாரோ கொடுத்த சட்டையில் வந்திருந்தான்.

"செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது, திறந்துவிட்டார்கள்" என்றேன். "அந்த ஏரி எங்க இருக்கு? அங்கேயிருந்து எங்க வீட்டுக்கு எப்படி வரும்?" என்றான். சுவரில் தொங்கிய வரைபடத்தில் ஒரு நீலக்கோட்டைக் காட்டினேன். பார்த்தான். தலையாட்டினான். உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கே சரியாகப் புரியவில்லை என்பது அதைவிட உறுத்தியது. பல ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஆறுகளின் பிறப்பிடம், நீளம், துணையாறுகள் எல்லாம் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் "சரிவு" என்ற ஒரு சொல்லை நான் உடலால் உணர்ந்ததே இல்லை. சாந்தோமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். கடற்கரை ஓரம், எங்கும் சமதளம். அவர்களுக்குத் தெரிந்த பெரிய மேடு மேம்பாலம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பொங்கல் விடுமுறையில், மிதிவண்டிப் பயணம் ஒன்றில் கிடைத்தது. அந்தப் பயணத்தையும், அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்த விதத்தையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரும் நானும் தினமும் மிதிவண்டியில் பள்ளிக்கு வருபவர்கள். "ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கி, மலை ஏறி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்க்கலாமா சார்?" என்று அவர்தான் கேட்டார். 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிப் பயணம் போன்றவற்றில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து கலந்துகொள்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பயிற்சியும் கிடையாது, வேகமும் தேவையில்லை. கற்பதற்கு ஏற்ற வழி வேண்டும், அவ்வளவுதான்.

வரைபடத்தை விரித்தபோது ஜவ்வாது மலை கண்ணில் பட்டது. அதன் ஒருபுறம் பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, 348 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு. மலையின் மறுபுறம் செய்யாறு. அது ஜவ்வாது மலையிலேயே பிறக்கிறது. மலை பிரித்துவைத்த இந்த இரண்டு ஆறுகளும் திருமுக்கூடலில் ஒன்று சேர்கின்றன. ஒரு பாடத்துக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று தோன்றியது.

சென்னையிலிருந்து ரயிலில் மிதிவண்டிகளைச் சரக்காகப் பதிவு செய்து, முதல்நாள் இரவே ஜோலார்பேட்டை சென்று தங்கினோம். விடிந்ததும் வாணியம்பாடி. பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் முட்செடியும் ஓரத்தில் ஒரு சிறு ஓடையும்தான். அங்கிருந்து ஆலங்காயம். அதுவரை சாலை ஏறுகிறது என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது. ஆலங்காயத்தைத் தாண்டியதும் மலை எதிரே எழுந்து நின்றது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு கணக்கு

என் வண்டி கியர் உள்ளது. நண்பருடையது சாதாரண வண்டி. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நான் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக மிதித்து ஏறினேன். வேகம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். அவர் நடந்தபடியே என்னோடு பேசிக்கொண்டு வந்தார்!

ஓரிடத்தில் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மலைப்பகுதிச் சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவை பொதுவாகப் பரிந்துரைக்கும் சரிவு 20-க்கு 1. அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். ஆளும் வண்டியும் பையும் சேர்த்து எடை 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 85-ஐ 20-ஆல் வகுத்தால் 4¼. அந்தச் சரிவில் ஏறும்போது, 4¼ கிலோ எடையைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டது போன்ற இழுவிசை நம்மை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. எடையைச் சரிவின் எண்ணால் வகுத்தால் போதும், இழுக்கும் விசை கிலோகிராம்-விசை அளவில் தோராயமாகக் கிடைத்துவிடும். ஆறாம் வகுப்புக் குழந்தையும் போடக்கூடிய கணக்கு.

கியர் என்ன செய்கிறது? நண்பர் வண்டியின் முன்சக்கரப் பற்கள் 44, பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒருமுறை பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் 44/18, அதாவது 2.44 முறை சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் போகும். என் வண்டியின் மிகச் சிறிய கியரில் முன்னால் 28, பின்னால் 34. ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். 100 மீட்டர் உயரம் ஏற, 20-க்கு 1 சரிவில் 2 கி.மீ. சாலை. அவர் 400 சுற்று, நான் ஏறத்தாழ 1,200 சுற்று. செய்யும் வேலை ஒன்றே. "அதே கடனை நீங்கள் மூன்று மடங்கு தவணையில் கட்டுகிறீர்கள்" என்றார் கணித ஆசிரியர்.

வளைவுகளும் அப்படித்தான். நேராக ஏறினால் செங்குத்து. வளைந்து ஏறினால் தூரம் கூடும், விசை குறையும். மேலே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த மலைவாழ் பெரியவரிடம், "எத்தனை வளைவுங்க ஐயா இன்னும்?" என்று கேட்டோம். சிரித்துவிட்டு, "தண்ணி நேரா இறங்கிடும் சார். நாமதான் வளைஞ்சு வளைஞ்சு ஏறணும்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்ட முதல் வரி அதுதான்.

மலை முகட்டில்

காவலூரை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம். நகர வெளிச்சம் எட்டாத இருட்டும் உயரமும்தான் அந்த இடத்துக்கு மதிப்பு.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை சாலை ஏறி இறங்கிப் போகிறது. இருபுறமும் சாமை அறுத்த வயல்கள், புளிய மரங்கள், பலா மரங்கள். இங்கே எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சிறு ஏற்றத்தின் உச்சியிலும் மிதிப்பதை நிறுத்தினேன். அதுவரை பின்னால் இழுத்த வண்டி, ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நின்று, பிறகு தானாக முன்னே உருளத் தொடங்கியது. அந்த ஒரு கணம்தான் நீர்பிரிமேடு! இந்தப் பக்கம் விழும் மழைத்துளி ஒரு ஆற்றுக்கு, இரண்டடி தள்ளி விழும் துளி இன்னொரு ஆற்றுக்கு. பாடத்தில் "நீர்பிரிமேடு என்பது இரு வடிநிலங்களைப் பிரிக்கும் உயர்நிலம்" என்று எத்தனை முறை வாசித்திருப்பேன்! அன்றுதான் அதன் மேல் நின்றேன்.

இறக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர்

மறுநாள் போளூர் நோக்கி இறக்கம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கிய நான், பாதியில் நிறுத்தி ரிம்மைத் தொட்டேன். விரல் சுட்டது. பிரேக் கட்டை தேய்ந்து கருகிய வாடை அடித்தது. நண்பர் மீண்டும் நோட்டை எடுத்தார்.

85 கிலோ எடை 100 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல்: 85 × 9.8 × 100 = 83,300 ஜூல். காற்றின் தடையை விட்டுவிட்டால், இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். அது எவ்வளவு? 20 டிகிரியில் இருக்கும் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல். ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு டம்ளர் வெந்நீர்! ரிம் சுடாமல் என்ன செய்யும்? அதன்பிறகு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு இறங்கினோம்.

ஓடை நீர் இதே ஆற்றலோடுதான் இறங்குகிறது. அதற்குப் பிரேக் பாறைகள்தான். பாறையை அரித்து, மணலாக்கி, சுமந்துகொண்டு போகிறது. கீழே சமவெளியில் சரிவு குறைந்ததும் சுமக்க முடியாமல் மணலைப் போட்டுவிடுகிறது. மலையடிவாரத்தில் உருண்டைக் கற்கள், கீழே போகப் போக மணல், இன்னும் கீழே வண்டல். மூன்று நாட்கள் செய்யாற்றின் போக்கை ஒட்டி வந்ததில் இந்த வரிசையைக் கண்ணால் பார்த்தோம்.

திருமுக்கூடல் முதல் சாந்தோம் வரை

செய்யாறு நகர் வழியாகத் திருமுக்கூடல் வந்து சேர்ந்தோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். இங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதன் மருத்துவர், பணியாளர்கள், மருந்துகள், மாணவர் விடுதி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு. ஆறு கூடும் இடத்தில் ஊரும் கல்வியும் மருத்துவமும் கூடியதை வரலாற்று ஆசிரியர்கள் இங்கே நேரில் காட்டலாம்.

கடைசி நாள் செங்கல்பட்டு வழியாகச் சென்னை. கூடுவாஞ்சேரியை நெருங்கியபோது நண்பரிடம், "அடையாறு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம்" என்றேன். முதன்மைச் சாலையை விட்டு விலகி ஆதனூர்ப் பக்கம் போனோம். மலையைத் தேடினேன். மலை இல்லை. ஏரிக்கரை இருந்தது.

மூன்று நாள் மலையிலிருந்து ஆற்றைப் பின்தொடர்ந்து வந்த பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து ஆறாகிறது. ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வழியில் அதே ஆற்றில்தான் சேர்கிறது.

இப்போது சரிவைப் பார்ப்போம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 85.4 அடி, அதாவது ஏறத்தாழ 26 மீட்டர். அங்கிருந்து முகத்துவாரம் வரை ஆற்றுவழி 25 கி.மீ.க்குக் குறையாது. சரிவு ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று! 85 கிலோவை 1,000-ஆல் வகுத்தால் 85 கிராம். அந்தச் சரிவு மிதிவண்டிக்குத் தெரியவே தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "தம்பி, நீ பார்த்த தண்ணீர் உன் தெருவில் பெய்த மழை மட்டும் இல்லை. மேற்கே பல ஏரிகளில் பெய்த மழை. மலையில் பெய்தால் சீக்கிரம் இறங்கிவிடும். இங்கே சரிவு ரொம்பக் குறைவு. ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து, பல மணி நேரம் கழித்துத்தான் உன் வீட்டுக்கு வரும். அதனால்தான் மழை விட்ட பிறகு தண்ணீர் ஏறியது. வந்த தண்ணீர் சட்டென்று வடியாததற்கும் அதே சரிவுதான் காரணம். கடல் ஏற்றமும் முகத்துவாரத்தில் சேரும் மணல்மேடும் அதை இன்னும் தாமதப்படுத்தும்."

நான் இதைக் கற்றுக்கொண்டு வந்தபோது அவன் படிப்பை முடித்துப் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போக நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் இந்தப் பாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தலாம். நாங்கள் செய்து பார்த்த நான்கு செயல்பாடுகள்:

1. சாய்தளத்தை அளத்தல் (6 முதல் 8-ஆம் வகுப்பு வரை): நம் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சாய்தளம் இருக்கும். அதன் விதிப்படியான சரிவு 12-க்கு 1. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப், அளவு நாடா இரண்டும் போதும். உயரத்தையும் கிடைத்தூரத்தையும் அளந்து விகிதமாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு செய்தி: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில், பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் மிகச் செங்குத்தான இடத்தின் சரிவும் ஏறத்தாழ 12-க்கு 1தான். சாய்தளத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னபோது பிள்ளைகள் காலடியைக் குனிந்து பார்த்தார்கள். சாய்தளம் 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அது எவ்வளவு சிரமம் என்பதையும் கணக்கிடச் சொல்லுங்கள். அளவு தவறாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லலாம். கணக்குக்கு ஒரு பயன் கிடைக்கும்.

2. பற்களை எண்ணுதல் (7 முதல் 10-ஆம் வகுப்பு வரை): பள்ளிக்கு வரும் எந்த மிதிவண்டியாக இருந்தாலும் சரி. மேல்நிலை வகுப்பு மாணவர்களின் விலையில்லா மிதிவண்டியே போதும். முன், பின் பற்களை எண்ணி விகிதம் காண வேண்டும். சக்கரத்தில் சாக்பீஸ் குறி போட்டு ஒரு சுற்று உருட்டி, சுற்றளவை அளக்க வேண்டும். பெடல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, பிறகு மைதானத்தில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். விடை கொஞ்சம் மாறும். ஏன் மாறுகிறது என்ற விவாதம்தான் பாடம்.

3. உருளைக்கிழங்கு மலை (9, 10-ஆம் வகுப்பு): சம உயரக் கோடுகளைக் கற்பிக்க, பாதியாக வெட்டிய பெரிய உருளைக்கிழங்கை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பைப் பேனாவால் வரையச் செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் அதுவே சம உயரக் கோட்டுப் படம். பிறகு நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தைக் காட்டுங்கள். அதில் கோட்டுக்குக் கோடு பொதுவாக 20 மீட்டர். ஜவ்வாது மலையில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சாந்தோம் பக்கம் கோட்டையே தேட வேண்டும். இந்த நில அளவையின் கதை நம் ஊரிலேயே தொடங்கியது என்பதையும் சொல்லலாம். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே லாம்டன் ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதுவே இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம்.

4. நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? (எல்லா வகுப்புகளும்): பள்ளிக்கு அருகிலுள்ள ஏரி, கால்வாய், ஆறு எதுவாக இருந்தாலும் அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரைபடம் வரையச் செய்யுங்கள். கலங்கல், மதகு, உபரிக் கால்வாய் போன்ற சொற்கள் பாட்டி தாத்தாவிடமிருந்தே வரும். தம் வீட்டையும் படத்தில் கட்டாயம் குறிக்க வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

நகரச் சாலையில் மாணவர்களை மிதிவண்டியில் கூட்டமாக அழைத்துச் செல்லக் கூடாது. செயல்பாடு 2 மைதானத்துக்குள் மட்டுமே. ஆற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போவதானால் தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், போதிய ஆசிரியர்கள் மூன்றும் வேண்டும், மழைக்காலத்தில் வேண்டாம். ஆசிரியர்கள் மலைப்பயணம் செல்வதானால் தலைக்கவசம், புதிய பிரேக் கட்டைகள், மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், தண்ணீர் ஆகியவற்றோடு போங்கள். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு நான்காம் செயல்பாட்டின்போது, சீனிவாசபுரத்து மாணவி ஒருத்தி தன் வீட்டைப் படத்தின் வலது ஓரத்தில், கடலை ஒட்டிக் குறித்தாள். இடது ஓரத்தில் ஏரிகளை வரைந்தாள். பிறகு நடுவில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "மழை விட்டாலும் வீட்டில் எல்லாரும் விழித்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அதற்கு மதிப்பெண் எதுவும் போடவில்லை. அவள் அம்மாவிடம் படத்தைக் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் ஊரிலும் ஒரு மேடு இருக்கும், ஒரு வாய்க்கால் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு, அந்த வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று மிதித்துப் போய்ப் பாருங்கள். அடுத்த முறை ஒரு குழந்தை கேட்கும்போது, சுவரில் தொங்கும் நீலக்கோட்டைக் காட்டிவிட்டு நகர வேண்டியிருக்காது.